தாயே கரைத்துக் காட்டட்டும்

வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று மறிப்பவர்கள் நம்மிடையே உண்டு. ஆனால் பிள்ளையின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் உடலில் நீரும் உப்பும் வற்றிப்போவதே. உப்போடு சீனியும் சேர்ந்தால் குடல் நீரை உள்ளிழுத்துக்கொள்ளும். விஞ்ஞானிகள் கண்ட இந்த உண்மையை எழுத்தறியாத தாய்க்கு எப்படிச் சொல்வது?

பங்களாதேசத்தில் 1980 முதல் 1990 வரை பிராக் நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்குச் சென்றார்கள். மூன்று விரலால் அள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம், ஏறக்குறைய அரை லீற்றர் நீர். தாயே தன் கையால் கரைத்துக் காட்டவேண்டும். பின்னர் வேறொருவர் வந்து விசாரிப்பார். தாய் நினைவில் வைத்திருந்த அளவைப் பொறுத்தே ஊழியருக்குச் சம்பளம். (நமது கருத்தரங்குகளுக்கும் இப்படி ஒரு விதி இருந்தால்!)

ஆயினும் தொடக்கத்தில், கரைக்கத் தெரிந்த தாய்மார் பலர் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. விசாரித்தபோது, ஊழியர்களே தமக்கு வயிற்றோட்டம் வந்தால் குளிசைதான் விழுங்கினார்கள் என்பது தெரியவந்தது. பிறகு முதலில் அவர்களுக்கே காரணத்தை விளக்கினார்கள். ஆண்களையும் கூட்டிப் பேசினார்கள்.

இன்று ஜீவனிப் பைக்கற்றே நல்லது. கிடைக்காவிடில், ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்புக் கூடினால் ஆபத்து. சிறுகச் சிறுகப் பருக்குங்கள்; தாய்ப்பாலை நிறுத்தவேண்டாம். பிள்ளை சோர்ந்தாலோ மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். கரைக்கும்போது பக்கத்துக் கொட்டிலில் இருப்பவரையும் கூப்பிட்டு, அவரையே கரைக்கச் சொல்லுங்கள்.