வெந்நீர் பாய்லருக்கு மூன்று வழி

இந்த மாதப் பாடம்: வீட்டுப் பாய்லரைச் சுத்தம் செய்தலும் பராமரித்தலும்



ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து தை முடியும் வரை நம் வீட்டு வெந்நீர் பாய்லருக்கு ஓய்வே கிடையாது. வயசானவர்களுக்கு, பச்சை உடம்புக்காரிக்கு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு என்று காலையில் நாலு முறை தண்ணீர் ஊற்றி, நாலு முறை தீ மூட்டுகிறோம். குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது நாங்கள் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "முன்னெல்லாம் நாலு கொட்டாங்குச்சி போட்டா தண்ணி கொதிச்சிடும். இப்ப ஒரு கட்டு விறகு எரிச்சாலும் சுடவே மாட்டேங்குது."

பழி பெரும்பாலும் விறகின் மேல் விழுகிறது. ஆனால் ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். 25 டிகிரி சூட்டில் உள்ள 20 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பம், நன்றாகக் காய்ந்த விறகு 200 கிராமிலேயே இருக்கிறது. எந்தப் பாய்லரும் அந்த வெப்பத்தை முழுசாகத் தண்ணீருக்குக் கொடுக்காது. ஆகவே அதைவிடக் கூடுதலாகத்தான் எரிக்க வேண்டியிருக்கும். ஆனால் கிலோ கணக்கில் விறகு போகிறது என்றால், அந்த வெப்பம் எங்கே போகிறது என்று நாம் கேட்க வேண்டாமா? அந்த விறகைச் சுமந்து வருவது நம் தலைதானே!

பாய்லருக்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று காற்று வழி, இரண்டு புகை வழி, மூன்று தண்ணீர் வழி. இந்த மூன்றும் அடைபடாமல் இருந்தால் விறகும் மிச்சம், பாய்லரும் பல வருஷம் உழைக்கும். அடைபட்டால் விறகு மட்டும் வீணாகாது, சில நேரம் உயிருக்கே ஆபத்து வரும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. காற்று வழி – தினமும்

பாய்லரின் அடியில் கம்பித் தட்டு இருக்கிறது. தீ அதன் மேல் எரிகிறது. சாம்பல் அதன் வழியாகக் கீழே விழுகிறது. அதே கம்பி இடுக்கு வழியாகத்தான் தீக்குக் காற்றும் மேலே வருகிறது. நேற்றைய சாம்பலை அள்ளாமல் அதன் மேலேயே இன்று தீ மூட்டினால், மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொன்ன மாதிரி ஆகிவிடும். தீ எரியாமல் புகையும்.

செய்ய வேண்டியது: தினமும் தீ மூட்டும் முன்பு கம்பித் தட்டைக் குச்சியால் தட்டி, சாம்பலை முழுவதும் அள்ளிவிடுங்கள். சாம்பலுக்குள் கங்கு ஒளிந்திருக்கும். அதனால் பிளாஸ்டிக் கூடையிலோ, வைக்கோல் போர் பக்கத்திலோ கொட்டாதீர்கள். மண் சட்டியிலோ தகர டப்பாவிலோ ஒரு நாள் வைத்து, நன்றாக ஆறிய பிறகு குப்பைக் குழியில் சேர்க்கலாம்.

ஈர விறகும் காற்று இல்லாத தீயும் ஒன்றுதான். விறகில் உள்ள ஈரத்தை உலர்த்தவே வெப்பத்தில் ஒரு பகுதி போய்விடும். மழைக்காலத்துக்கு வேண்டிய மட்டை, சிரட்டை, சுள்ளியைப் புரட்டாசிக்குள் காயவைத்து, நனையாத இடத்தில் அடுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

2. புகை வழி – வாரம் ஒரு முறை

பாய்லரின் நடுவில் மேலே போகிற குழல்தான் அதன் உயிர். சூடான புகை அதன் வழியாக ஏறும்போது சுற்றியுள்ள தண்ணீருக்கு வெப்பத்தைக் கொடுக்கிறது. குழலின் உள்சுவரில் கரி படிந்தால் அது கம்பளி போர்த்திய மாதிரி. வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் புகையோடு மேலே போய்விடும். கரி இன்னும் தடித்துக் குழல் சுருங்கினால் புகை மேலே ஏறாமல் கீழ்வாய் வழியாக நம் முகத்துக்கே திரும்பும். கண் எரிச்சலும் இருமலும் அங்கேதான் தொடங்குகிறது.

செய்ய வேண்டியது: பாய்லர் நன்றாக ஆறியிருக்க வேண்டும். நீளமான குச்சியின் நுனியில் தேங்காய் நாரை இறுக்கிக் கட்டுங்கள். கீழே பழைய செய்தித்தாளை விரித்து, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, குழலுக்குள் மேலும் கீழுமாக நாலைந்து முறை தேயுங்கள். பிறகு மேலிருந்து எட்டிப் பார்த்தால் அடியில் வெளிச்சம் தெரிய வேண்டும். செம்புக் குழலை அரிவாள், கத்தியால் சுரண்டாதீர்கள். செம்பு மெல்லியது, ஓட்டை விழும்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை

"அடுப்புக் கரிதானே, புகையே இல்லையே" என்று சிலர் பாய்லரைக் குளியலறைக்குள்ளேயே வைத்து, குளிர் அடிக்கிறது என்று ஜன்னலையும் சாத்திக்கொள்கிறார்கள். இது மிகவும் ஆபத்து. கரியும் விறகும் காற்று போதாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகிறது. அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. நாம் மூச்சுவிடும் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு அது ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வரும். பிறகு மயக்கம், உதவி இல்லாவிட்டால் மரணம். புகை தெரிந்தாலாவது நாம் வெளியே ஓடிவிடுவோம். இந்த வாயு தெரியவே தெரியாது.

ஆகவே பாய்லர் வீட்டுக்கு வெளியேயோ, காற்றோட்டமான தாழ்வாரத்திலோதான் இருக்க வேண்டும். குளிர் காய்வதற்காகக் கங்குச் சட்டியைப் படுக்கும் அறைக்குள் கொண்டுபோகவே கூடாது. குளியலறைக்குள் கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. யாராவது மயங்கிக் கிடந்தால் முதலில் கதவு, ஜன்னலைத் திறந்து, அவரை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108-ஐக் கூப்பிடுங்கள்.

3. தண்ணீர் வழி – மூன்று மாதத்துக்கு ஒரு முறை

போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து உண்டு. சூடாக்கும்போது அது வெள்ளையாகப் பாய்லரின் உள்ளே படியும். இதைத்தான் 'உப்பு கட்டியிருக்கு' என்கிறோம். வெளியே கரிக் கம்பளி என்றால், உள்ளே உப்புக் கம்பளி! இதுவும் வெப்பத்தைத் தடுக்கும், குழாயையும் அடைக்கும்.

செய்ய வேண்டியது: தீ இல்லாதபோது, வெதுவெதுப்பான தண்ணீரில் புளியை நன்றாகக் கரைத்து வடிகட்டி, பாய்லருக்குள் ஊற்றி ஓரிரண்டு மணி நேரம் ஊறவிடுங்கள். வினிகர் கிடைத்தால் சம அளவு தண்ணீர் கலந்து ஊற்றலாம். பிறகு கலக்கி, குழாய் வழியாக வடித்து, நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். செம்பில் புளிப்பு ஊறிய தண்ணீர் இது. ஆடு மாடு குடிக்கிற இடத்தில் ஊற்றாதீர்கள். கழிப்பறைக்கு ஊற்றுகிற ஆசிட்டைப் பாய்லரில் ஊற்றவே கூடாது. அது உலோகத்தை அரித்துவிடும், அதன் நெடியும் கெடுதல்.

தண்ணீர் விஷயத்தில் மறக்கக் கூடாதவை:

* முதலில் தண்ணீர், பிறகுதான் தீ. தண்ணீர் இல்லாமல் எரித்தால் பற்று வைத்த இடம் விட்டுப்போகும்.

* தண்ணீர் வற்றிச் சூடேறிய பாய்லரில் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். சட்டென்று ஆவி கிளம்பி முகத்தில் அடிக்கும். தீயை எடுத்துவிட்டு ஆறவிடுங்கள்.

* மூடியின் மேல் கல் வைப்பது, துணி திணிப்பது கூடாது. 1 லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கும் மேல் இடம் கேட்கும். போக வழி இல்லாவிட்டால் வெடிக்கும்.

* பாய்லர் தண்ணீரைக் குளிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பற்று வைத்த ஈயத்தில் காரீயம் கலந்திருக்கலாம் என்பதால் காப்பி போடவும், குழந்தைக்குக் கஞ்சி வைக்கவும் வேண்டாம்.

* குழாய் சொட்டினால் அன்றே வாசரை மாற்றுங்கள். வெந்நீர் சொட்டுகிற இடத்தில்தான் பிள்ளைகள் விளையாடும்.

வெந்நீர் பட்டுவிட்டால்

60 டிகிரி தண்ணீர் சில விநாடிகளிலேயே தோலை வேகவைத்துவிடும். குழந்தையின் தோல் இன்னும் மென்மை. பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன் மேல் வெந்நீர் என்று விளாவிப் பழகுங்கள். சுட்டுவிட்டால், ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். இங்க், பற்பசை, மாவு, மஞ்சள் எதுவும் பூசாதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

யார் செய்வது?

பாய்லரைச் சுத்தம் செய்வது பொம்பளை வேலை என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. வெந்நீரில் குளிப்பவர்கள் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. தினசரி சாம்பல் எடுப்பது நம் வேலை என்றால், ஞாயிற்றுக்கிழமை குழல் தேய்ப்பது வீட்டுக்காரருடைய வேலை என்று பிரித்துக்கொள்ளலாம். மகனுக்கும் மகளுக்கும் சேர்த்தே கற்றுக்கொடுங்கள். பற்று விட்டுப்போன பாய்லரைத் தூக்கிப்போடுமுன் பாத்திரம் பற்றவைப்பவரிடம் காட்டுங்கள். புதிதாக வாங்கக் குழுவில் கடன் கேட்பதற்கு முன்னால் இந்தச் செலவு எவ்வளவு என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச:

1. நம் குழுவில் எத்தனை வீடுகளில் பாய்லர் மூடிய இடத்துக்குள் இருக்கிறது? அவற்றை வெளியே மாற்ற ஒருவருக்கொருவர் எப்படி உதவலாம்?

2. ஒரு வாரம் சுத்தம் செய்யாமலும், அடுத்த வாரம் சுத்தம் செய்தும் எரித்தால் விறகு எவ்வளவு வித்தியாசப்படுகிறது? இரண்டு உறுப்பினர்கள் தினமும் விறகை எடைபோட்டு எழுதி வந்து, கூட்டத்தில் சொல்லட்டும்.

3. உங்கள் வீட்டில் குழல் தேய்க்கும் வேலையை யார் ஏற்றுக்கொண்டார்கள்? பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.