கிளிமஞ்சாரோவின் பனிமுடி

நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே ஏறத்தாழ மூன்று பாகைத் தொலைவில், தான்சானியா நாட்டில் நிற்கிறது கிளிமஞ்சாரோ. ஆப்பிரிக்காவின் உயரமான மலை. உயரம் 5,895 மீட்டர். 1848இல் யோகன்னஸ் ரெப்மன் என்னும் ஜெர்மானியப் பாதிரியார் இதன் உச்சியில் பனி கண்டதாக எழுதினார். ஆப்பிரிக்காவுக்கே செல்லாமல் இலண்டனில் அமர்ந்து அதன் புவியியலை ஆராய்ந்த டெஸ்பரோ கூலி, வெப்ப மண்டலத்தில் பனியா என்று நகைத்தார். கண்டவர் சொல்லைவிடக் காணாதவர் வாதமே சில காலம் வலுப்பெற்றிருந்தது. 1889இல் ஹான்ஸ் மேயர் உச்சியை அடைந்தபோது அங்குப் பெரும் பனிச்சுவர்களே எதிர்நின்றன.

1912இல் அப்பனிப்பரப்பு ஏறத்தாழ 12 சதுர கிலோமீட்டர். 2011இல் இரண்டு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. 'பனியாறு' என்கிறோம், உச்சிச் சமவெளியில் கிடக்கும் இப்பனியோ பெரும்பாலும் ஓடுவதில்லை, நின்ற இடத்திலேயே தேய்கிறது.

தேய்வது எவ்வாறு? இங்கேதான் மாணவர் கருத்தூன்ற வேண்டும். உச்சியில் காற்றின் சராசரி வெப்பநிலை இன்றும் உறைநிலைக்குக் கீழேதான். ஆயினும் கற்பூரம் காற்றில் கரைவதுபோல, வறண்ட காற்றிலும் கடும் வெயிலிலும் பனிக்கட்டி நீராகாமலேயே ஆவியாகிறது. இதுவே பதங்கமாதல். செங்குத்தான பனிச்சுவர்களை வெயில் உருக்கவும் செய்கிறது. புதுப்பனி வெண்மையால் ஒளியைத் திருப்பியனுப்பும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அப்பகுதி வறண்டு, பனிப்பொழிவு குன்றவே, அக்காப்பும் போயிற்று. இதனால் புவி வெப்பமேற்றத்திற்கு இதில் பங்கே இல்லை என்று முடிவுகட்டலாகாது. அம்மலைக்கு ஈரம் தருவது இந்தியப் பெருங்கடல். கடல் வெம்மை மாறினால் மழையும் மாறும்.

2002இல் லோனி தாம்சன் குழுவினர், 2015க்கும் 2020க்கும் இடையில் பனி முற்றும் மறையும் என்றனர். மறையவில்லை. இதைக் காட்டி ஆய்வே பொய் என்பாரும் உளர். நாள் தவறியதேயன்றித் தேய்வு நிற்கவில்லை. 2050க்குள் மறையக்கூடும் என்பது 2022இல் யுனெஸ்கோ தந்த கணிப்பு.

பனி போனால் அடிவாரத்துச் சாக்கா மக்களின் வாய்க்கால்கள் வற்றுமே என்று அஞ்சுவோர் பலர். அவ்வாய்க்கால்களுக்கு நீரூட்டுவது பெரும்பாலும் பனியன்று, இடைமலைக் காட்டில் பெய்யும் மழை. அக்காட்டையோ கோடரியும் தீயும் குறைத்து வருகின்றன. 2020 அக்டோபரில் அம்மலையில் பற்றிய தீ பல நாட்கள் எரிந்தது.