ஒரு வயதானதும் சீட்டைத் திருப்பலாமா?

முதல் பிறந்தநாள் முடிந்ததும் மொட்டை, காதுகுத்து என்று வீடு பரபரப்பாகிறது. கார் உள்ள வீடுகளில் அதோடு இன்னொன்றும் நடக்கிறது. அதுவரை காரின் பின்பக்கத்தைப் பார்த்தபடி இருந்த குழந்தை சீட்டை முன்பக்கம் திருப்பிப் பூட்டிவிடுகிறார்கள். "பிள்ளை வளர்ந்துட்டான், இனி ரோட்டைப் பார்த்துக்கிட்டு வரட்டும்" என்று தாத்தா சொல்வார். கடைக்காரரும் அதையே சொல்லித்தான் அனுப்பியிருப்பார். குழந்தை சீட் பற்றி நம் வீடுகளில் உலவும் நம்பிக்கைகளில் அதிக ஆபத்தானது இதுதான். அதனால் இதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

"ஒரு வயது முடிந்தால் முன்நோக்கி உட்காரலாம்"

பிறந்த குழந்தையின் தலை உடல் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு. பெரியவர்களுக்கு அது எட்டில் ஒரு பங்குதான். நடக்கத் தொடங்கிய குழந்தைக்கும் உடலை நோக்கத் தலை கனமானதே. அந்தக் கனத்தைத் தாங்கும் கழுத்தெலும்புகள் இன்னும் முழு எலும்பாகியிருக்காது. ஒவ்வொரு எலும்பும் சில துண்டுகளாக, நடுவே குருத்தெலும்பால் இணைந்திருக்கும். அவை ஒன்றாகக் கூடிக் கெட்டிப்படப் பல ஆண்டுகள் ஆகும். சிசுக்களின் முதுகெலும்பை ஆராய்ந்த மருத்துவர்கள் கண்டது இது: முதுகெலும்புத் தொடர் 5 செ.மீ. வரை நீண்டு கொடுக்கும், ஆனால் உள்ளே ஓடும் தண்டுவடம் 6 மி.மீ.க்கு மேல் இழுபட்டாலே அறுந்துவிடும்.

நேருக்கு நேர் மோதும்போது கார் நின்றுவிடும், உள்ளே இருப்பவர்கள் முன்னோக்கிப் பாய்வார்கள். முன்நோக்கி அமர்ந்த குழந்தையின் தோளையும் இடுப்பையும் பெல்ட் பிடித்துக்கொள்ளும். தலையைப் பிடிக்க ஒன்றும் இல்லை. அது முன்னால் வீசப்படும்போது இழுவை முழுவதும் கழுத்தில்தான் விழும். பின்நோக்கி அமர்ந்த குழந்தையோ சீட்டின் முதுகுப்பலகைக்குள்ளேயே அழுந்தும். தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே நேரத்தில், ஒரே திசையில் தாங்கப்படும். விசை முதுகு முழுவதும் பரவிவிடுகிறது.

1960களில் ஸ்வீடனில் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்டில் ஆல்ட்மன், அமெரிக்காவின் ஜெமினி விண்வெளி வீரர்கள் விசையை முதுகால் வாங்கும்படி படுத்திருந்ததைக் கவனித்தார். குழந்தைக்கும் அப்படி ஒரு சீட் வேண்டும் என்று நினைத்தார். அந்த முதல் மாதிரியை வோல்வோ 1964இல் சோதித்தது. அந்த நாட்டில் நான்கு வயதுவரை குழந்தையைப் பின்நோக்கி உட்காரவைப்பது இன்று இயல்பான வழக்கம்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2011இல் "குறைந்தது இரண்டு வயதுவரை" என்றது. 2018இல் அந்த வயதுக் கணக்கையும் எடுத்துவிட்டு, சீட் அனுமதிக்கும் எடையோ உயரமோ எட்டும்வரை பின்நோக்கியே வையுங்கள் என்று மாற்றிச் சொன்னது. ஐரோப்பாவின் புதிய விதியான ஆர் 129, பதினைந்து மாதம் ஆகுமுன் முன்நோக்கித் திருப்பவே கூடாது என்கிறது. அது கீழ் எல்லை மட்டுமே. பதினைந்து மாதம் ஆனதும் திருப்பியாக வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

"பின்நோக்கி வைத்தால் ஐந்து மடங்கு பாதுகாப்பு"

பின்நோக்கிய சீட்டை ஆதரிப்பவர்கள் பரப்பும் தவறும் ஒன்று உண்டு. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2007இல் 'இஞ்சுரி பிரிவென்ஷன்' இதழில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றிலிருந்து இந்த "ஐந்து மடங்கு" கிளம்பியது. விளம்பரங்களிலும் வாட்ஸ்அப்பிலும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. புள்ளிவிவரங்களைக் கையாண்ட முறை தவறு என்று தெரியவந்ததால் 2018இல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மறுபடி கணக்கிட்டபோது, சீட்டில் இருந்த குழந்தைகளில் காயம்பட்டவர்கள் எந்தத் திசையிலும் மிகச் சிலரே என்றும், இத்தனை மடங்கு என்று உறுதியாகச் சொல்ல அந்தத் தரவு போதாது என்றும் தெரிந்தது.

அப்படியானால் பின்நோக்கி வைப்பது வீணா? இல்லை. கழுத்தின் அமைப்பும் மோதல் சோதனைகளும் ஸ்வீடனின் நெடுங்கால அனுபவமும் அந்த ஒரு கட்டுரையை நம்பி நிற்கவில்லை. அதனால்தான் அது திரும்பப் பெறப்பட்ட அதே ஆண்டில் மருத்துவர் கழகம் தன் பரிந்துரையை விரிவாக்கியது. நல்ல ஒரு பழக்கத்துக்குப் பொய்க் கணக்கின் துணை வேண்டாம்.

"அம்மா மடியைவிடப் பாதுகாப்பு எது?"

இதை அன்பினால் சொல்கிறார்கள். ஆனால் கணக்கு இரக்கம் பார்ப்பதில்லை. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் மோதி, பத்தில் ஒரு நொடியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 கிலோ குழந்தை அந்தக் கணத்தில் ஏறத்தாழ 140 கிலோ எடைபோல முன்னால் இழுக்கும். கிட்டத்தட்ட இரண்டு நெல் மூட்டை. எந்தத் தாயின் கையும் அதைப் பிடித்து நிறுத்தாது. பெல்ட் போடாத தாய் என்றால் அவர் உடலே குழந்தையை நசுக்கிவிடும். தன் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துக் கட்டுவது இன்னும் மோசம்.

சரியான சீட் என்ன செய்யும்? கார் விபத்துகளில் கைக்குழந்தைகளின் மரணத்தை 71 சதவீதமும், ஒன்று முதல் நான்கு வயதுவரையுள்ள குழந்தைகளின் மரணத்தை 54 சதவீதமும் அது குறைக்கிறது என்பது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் மதிப்பீடு.

"பெட்டியிலேயே 0 முதல் 7 வயதுவரை என்று போட்டிருக்கிறதே"

சீட் வாங்கப் போகிறவர்கள் வேறெதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. கன்வர்டிபிள் சீட் என்பது முதலில் பின்நோக்கியும் பிறகு முன்நோக்கியும் பொருத்தக்கூடிய ஒரே சீட். பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் வயதும் எடையும் அந்த இரண்டு நிலைகளுக்கும் சேர்த்துச் சொன்னவை. பின்நோக்கி எத்தனை கிலோ வரை என்பது பொடி எழுத்தில் தனியாக இருக்கும். கடையில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான்.

நம் கடைகளில் அதிகம் கிடைப்பவை ஆர் 44 என்ற பழைய ஐரோப்பிய விதியின் எடைப் பிரிவுகளைப் பின்பற்றுகின்றன. 0+ பிரிவு 13 கிலோ வரை. 1ஆம் பிரிவு 9 முதல் 18 கிலோ வரை. ஒரு சீட் "0+/1" என்றிருந்தால் மொத்தம் 18 கிலோ வரை தாங்கும், ஆனால் பின்நோக்கிப் பெரும்பாலும் 13 கிலோ வரைதான். சிலவற்றில் 10 கிலோவிலேயே முடிந்துவிடும். 18 கிலோ வரை பின்நோக்கி அனுமதிக்கும் சீட்டுகளும் உண்டு. தேடினால் கிடைக்கும்.

இந்த எண்களை உங்கள் பிள்ளையின் எடையோடு வைத்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் ஒரு வயது ஆண் குழந்தையின் இடைநிலை எடை 9.6 கிலோ, பெண் குழந்தைக்கு 8.9. இரண்டு வயதில் 12.2, 11.5. நான்கு வயதில் 16 கிலோவுக்குச் சற்று மேல். ஆக, 10 கிலோ எல்லை உள்ள சீட் முதல் பிறந்தநாளை ஒட்டியே கைவிட்டுவிடும். 13 கிலோ எல்லை ஏறக்குறைய இரண்டரை வயதுவரை வரும். 18 கிலோ எல்லை நான்கு வயதையும் தாண்டிப் போகும். நம் ஊரில் பல குழந்தைகள் இந்த இடைநிலையைவிட மெலிந்தவர்கள். அவர்களுக்கு இன்னும் கூடுதல் காலம் கிடைக்கும்.

எடைக்கு முன்பே உயரம் முட்டலாம். குழந்தையின் உச்சந்தலைக்கு மேல் சீட்டின் ஓடு 2.5 செ.மீ. ஆவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பதே அமெரிக்க சீட்டுகளின் பொதுவான கணக்கு. உங்கள் சீட்டின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். ஆர் 129 சீட்டுகளின் லேபிளில் உயரமே செ.மீ. கணக்கில் இருக்கும்.

லேபிள் இல்லாத சீட்டை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். ஐரோப்பிய விதிப்படி அங்கீகாரம் பெற்ற சீட்டில் ஆரஞ்சு நிற லேபிள் ஒட்டியிருக்கும். அதில் ஒரு வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் நாட்டைக் குறிக்கும் எண்ணும் இருக்கும். இந்தியாவின் சொந்த விதி ஏஐஎஸ் 072. இணையக் கடைகளில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு விற்கும் துணிப் பட்டைகளும், பெல்ட் தைத்த மெத்தைகளும் சீட்டே அல்ல.

"கால் மடங்கி இடிக்குமே, பாவம்"

பிள்ளைகள் காலை மடித்துச் சப்பணம் போட்டே மணிக்கணக்கில் விளையாடுகிறார்கள். பின்நோக்கிய சீட்டிலும் அப்படித்தான் உட்காருவார்கள். விபத்தில் கால் அடிபடுவது முன்நோக்கி அமர்ந்த குழந்தைகளுக்கே அதிகம், ஏனென்றால் அவர்கள் கால் முன் சீட்டின் முதுகில் போய் மோதுகிறது. கால் நீண்டுவிட்டது என்பது சீட்டைத் திருப்பக் காரணமே இல்லை.

"முன் சீட்டில் வைத்தால் கண்ணெதிரே இருப்பான்"

கூடவே கூடாது. இந்தியாவில் 2022 தொடக்கத்திலிருந்து விற்கும் எல்லாப் புதிய கார்களிலும் முன்பக்கப் பயணிக்கும் ஏர்பேக் கட்டாயம். பின்நோக்கிய சீட்டின் முதுகு அந்த ஏர்பேக்குக்கு மிக அருகில் இருக்கும். அது வெடித்து விரியும் வேகத்தில் குழந்தையின் தலைக்குப் பின்னாலேயே அடி விழும். சிறு மோதலில்கூட உயிர் போகலாம். பின் இருக்கைதான் குழந்தையின் இடம்.

"ஐசோஃபிக்ஸ் இல்லாத காருக்கு சீட் வாங்கிப் பயனில்லை"

ஐசோஃபிக்ஸ் என்பது கார் இருக்கையிலேயே உள்ள கம்பிகளில் சீட்டை நேரடியாக மாட்டும் கொக்கி. அதன் பெரிய நன்மை, தவறாகப் பொருத்தும் வாய்ப்பு குறைவு என்பது. கார் பெல்ட்டால் சரியாகக் கட்டிய சீட்டும் நல்ல பாதுகாப்பைத் தரும். ஆனால் பெல்ட் போகும் பாதையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஐரோப்பிய சீட்டுகளில் பின்நோக்கிப் பொருத்தும் பாதைக்கு நீல நிறக் குறி, முன்நோக்கிக்கு சிவப்பு. பின்நோக்கி வைத்துவிட்டுச் சிவப்புப் பாதையில் பெல்ட்டை இழுத்தால் சீட் நிற்காது.

கட்டிய பிறகு பெல்ட் போகும் இடத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். 2.5 செ.மீ.க்கு மேல் அசைந்தால் மறுபடி கட்டுங்கள். சீட்டின் தலைப்பகுதி கொஞ்சம் ஆடும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். தாங்குகால் உள்ள சீட் என்றால் அது காரின் தரையில் உறுதியாக ஊன்ற வேண்டும். தரைக்கு அடியில் பொருள் வைக்கும் பெட்டி உள்ள கார்களில், அந்த மூடியின்மேல் ஊன்றலாமா என்று கார் கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து உறவினர்கள் அன்போடு கொண்டுவந்து தரும் சீட்டுகளில் ஒரு சிக்கல் உண்டு. அந்நாட்டுக் கார்களில் பின் இருக்கை பெல்ட்டை முழுவதும் இழுத்துவிட்டால் பூட்டிக்கொள்ளும். பல அமெரிக்க சீட்டுகள் அதை நம்பியே வடிவமைக்கப்பட்டவை. நம் கார்களின் பெல்ட் பெரும்பாலும் அப்படிப் பூட்டாது. பெல்ட்டைத் தானே இறுக்கிப் பிடிக்கும் பூட்டு அந்த சீட்டிலேயே இல்லையென்றால் அதை இங்கே பயன்படுத்தாதீர்கள்.

குழந்தையைப் பூட்டும்போது தோள்பட்டை வார் பின்நோக்கிய நிலையில் தோள் உயரத்திலோ அதற்குக் கீழிருந்தோ வர வேண்டும். முன்நோக்கித் திருப்பிய பிறகு தோளிலோ அதற்கு மேலோ. தோளருகே வாரை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு சிக்கினால் இன்னும் இறுக்க வேண்டும். "மெத்தென்று இருக்கட்டும்" என்று கீழே மடித்துப் போடும் சேலையும் குட்டித் தலையணையும் மோதலில் அமுங்கி, வாரைத் தளர்த்திவிடும். அவற்றை எடுத்துவிடுங்கள். நம் வெயிலில் நிறுத்திய காரில் கொக்கி சுடும், குழந்தையை உட்காரவைக்கும் முன் தொட்டுப் பாருங்கள்.

"அண்ணன் பிள்ளையின் பழைய சீட் சும்மா கிடக்கிறது"

அதன் முழுக் கதையும் உங்களுக்குத் தெரியுமென்றால் வாங்கிக்கொள்ளலாம். பெரிய விபத்தில் சிக்கியதா, தயாரித்த தேதி என்ன, காலாவதித் தேதி தாண்டிவிட்டதா, வாரும் கொக்கியும் மாற்றப்படாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றுக்கு விடை தெரியாவிட்டாலும் வேண்டாம்.

"பக்கத்துத் தெருவுக்குத்தானே"

மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு தூரம் பார்ப்பதில்லை. 14 வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் காரில் அழைத்துப் போனால் ஆயிரம் ரூபாய் அபராதம். 2019 திருத்தத்தில் வந்த பிரிவு இது.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் குழந்தையையும் காரையும் கடைக்குக் கொண்டுபோங்கள். பணம் கொடுக்கும் முன் சீட்டை உங்கள் காரில் பின்நோக்கிப் பொருத்திக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள். ஏற்கெனவே வாங்கி, ஒரு வயதானதும் திருப்பிவிட்டவர்கள் இன்றைக்கே லேபிளில் பின்நோக்கிய எடை எல்லையைப் பாருங்கள். உங்கள் பிள்ளை இன்னும் அதை எட்டவில்லை என்றால், அடுத்த பயணத்துக்கு முன் சீட்டை மறுபடி பின்நோக்கித் திருப்பிப் பூட்டிவிடுங்கள்.