சிமென்ட் பூசியும் ஏறும் ஓதம்

கேள்வி: திருவையாறு பக்கம் தாத்தா காலத்து ஓட்டு வீடு எங்களுடையது. கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்துக் காரை உதிர்ந்தது. கொத்தனாரை வைத்துக் கொத்தி, சிமென்ட் பூசி, புட்டி வைத்து எமல்ஷன் அடித்தோம். இரண்டு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. இப்போது இடுப்பு உயரத்தில் பெயிண்ட் பொரிகிறது. டைல்ஸ் ஒட்டச் சொல்கிறார் ஒருவர். துளையிட்டு மருந்து ஏற்றலாம் என்கிறார் இன்னொருவர். நிலைக்கு மேலே ஒரு விரிசலும் இருக்கிறது. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி

பதில்: டைல்ஸ் வேண்டவே வேண்டாம். பழைய செங்கல் சுவர்களில் அஸ்திவாரத்துக்கு மேலே ஈரத்தடுப்பு அடுக்கு பெரும்பாலும் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் வயலெல்லாம் தண்ணீர் நிற்கும்போது நிலத்தடி நீரும் மேலே வந்துவிடும். செங்கல் அதை உறிஞ்சும். முன்பிருந்த சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தைக் காற்றில் விட்டுக்கொண்டிருந்தது. சிமென்ட் அந்த வழியை அடைத்ததும் ஈரம் சிமென்ட் முடிகிற இடம்வரை ஏறிவிட்டது. டைல்ஸ் ஒட்டினால் டைல்ஸுக்கு மேலே போகும். ஈரத்தோடு கரைந்து வரும் உப்பு, காய்கிற இடத்தில் படிகமாகிப் பருக்கும். பெயிண்டைத் தள்ளுவது அதுதான். மருந்து ஏற்றுவது சீராகக் கட்டிய சுவரில் ஓரளவு பலிக்கும். உள்ளே பொந்தும் மண்ணுமாக இருக்கும் தடித்த பழைய சுவரில் மருந்து எங்கே போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் அதற்குப் பணம் செலவழிக்க மாட்டேன்.

முதலில் வெளியே போய்ப் பாருங்கள். தெருவில் தார் மேல் தார் போட்டுப் போட்டு வீட்டுத் தரை பள்ளமாகிவிட்டதா? ஓட்டுத் தண்ணீர் சுவரடியிலேயே விழுகிறதா? கொல்லையில் மண் சுவரோடு மேடாக ஏறியிருக்கிறதா? மண்ணை உள்தரை மட்டத்துக்கு அரை அடி கீழே இறக்கி, தண்ணீர் விலகி ஓட வாட்டம் கொடுங்கள். மறுபக்கம் மாட்டுக்கொட்டகை இருந்தாலோ, கூடத்தில் யூரியா, பொட்டாஷ் மூட்டைகளைச் சுவரோடு சாய்த்து வைக்கும் வழக்கம் இருந்தாலோ உப்புக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. நம் பக்கத்து வீடுகளில் இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

பூச்சு வேலையை மாசிக்கு முன்னால் தொடங்காதீர்கள். நம் வாய்க்கால்களுக்குத் தண்ணீர் தரும் மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடி, ஜூன் 12-ல் திறப்பார்கள். இடைப்பட்ட வறண்ட மாதங்கள்தான் சுவர் காய்வதற்கான காலம். ஈரம் தெரியும் கோட்டுக்கு மேலே ஒன்றரை அடி வரை சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டு, இணைப்புகளை அரை அங்குலம் சுரண்டுங்கள். உப்பை உலர்ந்த பிரஷால் தட்டிக் கூட்டி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடியும் உள்ளேதான் போகும். சில வாரங்கள் சுவரை அப்படியே திறந்து விடுங்கள்.

பிறகு சுண்ணாம்புப் பூச்சு. நன்றாக நீற்றி இரண்டு வாரமாவது ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய மணல் மூன்று பங்கு. மணலில் கொஞ்சத்தைக் குறைத்துச் செங்கல் பொடி சேர்த்தால் ஈரமான இடத்திலும் இறுகும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைச் சேர்க்கத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் விடாதீர்கள். கோயில் திருப்பணிகளில் வேலை செய்தவர்களை விசாரியுங்கள். தரங்கம்பாடியில் கடல் உப்புக்கு நடுவே இருக்கும் பழைய வீடுகளை, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு சீரமைத்ததும் சுண்ணாம்புக் காரையால்தான். ஒரே பூச்சில் தடிமனாக அப்பாமல் அரை அங்குலத்துக்கு மிகாத பூச்சுகளாக ஏற்றி, ஒரு வாரம் தண்ணீர் தெளித்து ஈரம் காக்க வேண்டும். சுண்ணாம்பு நீற்றும்போது கொதிக்கும், கண்ணுக்கு ஆபத்து. குழந்தைகளை அண்ட விடாதீர்கள். மேலே வெள்ளையடித்தால் போதும். எமல்ஷன் அடித்தால் செய்த வேலையெல்லாம் வீண். அப்படியும் சில ஆண்டுகளில் அடிப்பகுதி கொஞ்சம் உதிரலாம். உப்பை வாங்கிக்கொண்டு உதிர்வது பூச்சாக இருக்கட்டும், செங்கல்லாக இருக்க வேண்டாம். அந்த இடத்தை மட்டும் மறுபடி பூசிக்கொள்ளலாம்.

விரிசலை இப்போதே அடைக்காதீர்கள். நம் களிமண் மழையில் ஊதும், கோடையில் சுருங்கும். சுவரும் கூடவே அசையும். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, ஒரு மழையும் ஒரு கோடையும் கழியட்டும். கோட்டைத் தாண்டாமல் இருந்தால் சுண்ணாம்பால் அடைத்துவிடலாம். நீண்டுகொண்டே போனாலோ, ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் வாய் பிளந்திருந்தாலோ, நிலைக் கதவு இறுகி மூட மறுத்தாலோ கொத்தனாரை விட்டுவிட்டுக் கட்டடப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள்.