காணி, உறுதி, உயில்: ஊவா தோட்டத்து மக்களுக்குச் சில குறிப்புகள்

லயத்தில் வாழ்ந்த நம் தாத்தா பாட்டிக்குப் பிள்ளைகள் பேரில் எழுதிவைக்க ஒன்றும் இருக்கவில்லை. இன்று 7 பேர்ச் காணியும் வீடும், பசறை, ஹாலிஎல, ஹப்புத்தளை பக்கம் வாங்கிய சிறு துண்டு நிலம், சேமலாபக் காசு என்று பலரிடம் ஏதோ ஒன்று இருக்கிறது. அது சண்டை இல்லாமல் பிள்ளைகள் கைக்குப் போக வேண்டும்.

1. சட்டத்தரணியைத் தேடுமுன் கையிலிருக்கும் காகிதம் என்னவென்று பாருங்கள். லயக் காம்பரா நிற்கும் தோட்டக் காணி பெரும்பாலும் அரசுடையது. கம்பனிகளிடம் இருப்பது குத்தகை. அதை "எழுதித் தருகிறேன்" என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி கிடைத்த அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப் பத்திரம் என்றால், அதை உறுதிக் காணிபோல் விருப்பப்படி உயில் எழுதிக் கொடுக்க முடியாது. நீங்கள் உயிரோடு இருக்கும்போதே பிரதேச செயலகத்தில் பின்னுரித்தாளர் பெயரைப் பதிய வேண்டும். உறுதிக் காணியை மட்டுமே விருப்பம்போல் விற்கவோ, நன்கொடையாகக் கொடுக்கவோ, உயில் எழுதவோ முடியும்.

2. எல்லாச் சட்டத்தரணிகளும் நொத்தாரிசு அல்ல. காணி உறுதியை நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிற்கத்தான் முடிக்க வேண்டும். நொத்தாரிசுக்கு எந்த மொழியில் உறுதி எழுத அனுமதி உண்டு என்பது அவருடைய நியமனப் பத்திரத்திலேயே இருக்கும். தமிழில் முடிப்பவரைக் கேட்டுத் தேடுங்கள். கிடைக்காவிட்டால், வாசித்து விளங்கப்படுத்தும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். கோர்ட் வாசலில் வந்து பேசும் தரகரோடு போகவேண்டாம்.

3. காணி வாங்கும்போது பழைய பதிவுகளைத் தேடிப் பார்ப்பது நொத்தாரிசின் கடமை. "தேட வேண்டாம்" என்று நீங்கள் சொன்னதாக எழுதிவிட்டால் அந்தக் கடமை போய்விடும். செலவைக் குறைக்கலாம் என்று யார் சொன்னாலும் இதற்குச் சம்மதிக்காதீர்கள். பதுளைக் காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதி எடுத்தால், அந்தக் காணியில் ஈடோ வழக்கோ பதியப்பட்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

4. இதைக் கவனமாக வாசியுங்கள். கல்யாணம், வைத்தியம், வெளிநாட்டுப் பயணம் என்று கடன் வாங்கும்போது, "சும்மா ஒரு பேருக்கு" என்று சொல்லிக் காணியை அறுதியாக எழுதி வாங்கிக்கொள்வார்கள். காகிதப்படி நீங்கள் அதை விற்றுவிட்டீர்கள். கடனுக்கு ஈடு வைப்பதென்றால் ஈட்டு உறுதிதான் முடிக்க வேண்டும். ஏற்கெனவே அறுதியாக எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவில் ஒரு வழி இருக்கிறது. உரிமையைக் கைவிடும் எண்ணமில்லாமல் எழுதிக் கொடுத்தது சூழ்நிலையிலிருந்து தெரிந்தால், வாங்கியவர் அந்தக் காணியை உங்களுக்காகவே வைத்திருக்கிறார் என்று மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளிக்கலாம். எழுதிய விலை காணியின் பெறுமதியைவிட மிகக் குறைவா, எழுதிய பிறகும் அங்கே குடியிருப்பது நீங்கள்தானா, உறுதிச் செலவைக் கட்டியது யார் என்றெல்லாம் பார்ப்பார்கள். ஆகவே வட்டி கட்டிய துண்டு, மின்சார பில், வரி ரசீது எதையும் எறியாதீர்கள். வீட்டை விட்டு வெளியேறுமுன் சட்டத்தரணியைப் பாருங்கள்.

5. மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கோ சின்னப் பிள்ளைக்கோ காணியை ஒதுக்கி, பெரியவர் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால் நம்பிக்கைப் பொறுப்பு நல்ல வழி. காணி விஷயத்தில் அது நொத்தாரிசு உறுதியிலோ உயிலிலோ எழுத்தில் இருக்க வேண்டும். அண்ணனிடம் வாயால் சொல்லிவிட்டுப் போனால் போதாது.

6. அவ்வளவு சிக்கல் வேண்டாம் என்பவர்கள் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு நன்கொடை உறுதி முடிக்கலாம். உங்கள் காலம்வரை உங்களை யாரும் வெளியேற்ற முடியாது. சீவிய உரித்தை எழுதாமல் பிள்ளைக்கு முழுவதையும் கொடுத்துவிட வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

7. தேசவழமைச் சட்டம் வடக்கைச் சேர்ந்தவர்களுக்கு உரியது. மலையகத் தமிழருக்குப் பொதுச் சட்டம். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் பாதி கணவனுக்கு அல்லது மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்கு. வேறு விதமாகப் பிரிய வேண்டுமென்றால் உயில் எழுதுங்கள்: நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள். சொத்துப் பெறுபவரைச் சாட்சியாக நிறுத்த வேண்டாம்.

8. பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர், தோட்ட ஆபீஸ் பதிவில் இன்னொரு பேர் என்பது நம் வீடுகளில் சாதாரணம். காணி மட்டுமல்ல, சேமலாபக் காசும் இதனால் வருஷக்கணக்கில் தடைப்படும். இப்போதே திருத்துங்கள். சேமலாப நிதிக்கு யாரைப் பின்னுரித்தாளராகப் பதிந்திருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள்.

9. 2014 அக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயங்கள் ஆட்களோடு புதைந்தன. மண்சரிவு அபாயமுள்ள இடத்தில் இருப்பவர்கள் எல்லாக் காகிதத்தின் பிரதியையும் வேறு ஊர் உறவினரிடம் கொடுத்து வையுங்கள். உறுதி தொலைந்தால் பயப்பட வேண்டாம்: நொத்தாரிசு முடித்த ஒவ்வொரு உறுதியின் இரண்டாம் பிரதியும் காணிப் பதிவகத்துக்குப் போக வேண்டும். அங்கே விண்ணப்பித்து அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம்.

10. காசு இல்லையென்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். 1978ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் பதுளையிலும் நிலையம் உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே ஆலோசனை இலவசம்.