வெள்ளம் புகுந்த நிலம் புறம்போக்கு ஆகுமா? புலப்படத்தைப் பார்த்து அறியும் முறை

2024ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலை, பெஞ்சல் புயல் மழையால் நிரம்பிய சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 60 ஆயிரம் கன அடிக்கும் மேலாகத் தண்ணீர் தென்பெண்ணையில் வெளியேற்றப்பட்டது. கரையோர நிலங்கள் நீரில் மூழ்கின. இத்தகைய வெள்ளம் வடிந்த பின் வயலை மணல் மூடியிருக்கும். எல்லைக் கற்கள் புதைந்தோ பெயர்ந்தோ போயிருக்கும். அப்போது, நிலம் பட்டாவா, ஆற்றுப் புறம்போக்கா என்ற தகராறு எழுவது இயல்பு. ஏரி, ஓடைக்கரை நிலங்களுக்கும் இதே நிலைதான்.

விவசாயிகள் மனதில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தண்ணீர் புகுந்ததால் மட்டும் பட்டா நிலம் புறம்போக்கு ஆகிவிடாது. அதேபோல், பல ஆண்டுகள் தண்ணீர் வராததால் ஏரிப் புறம்போக்கு பட்டா நிலமும் ஆகிவிடாது. எது எந்த நிலம் என்பதை முதலில் காட்டுவது வருவாய்த்துறைப் பதிவேடுகளே.

பார்க்க வேண்டிய ஆவணங்கள்

முதலாவது, அ-பதிவேடு. ஒவ்வொரு சர்வே எண்ணும் நன்செய், புன்செய், புறம்போக்கு ஆகியவற்றில் எந்த வகை என்பதும், அதன் பரப்பும் இதில் இருக்கும். இரண்டாவது, புலப்படம். நிலத்தின் எல்லைகள், உட்பிரிவுகள், பக்க அளவுகள் இதில் வரையப்பட்டிருக்கும். மூன்றாவது, பட்டா. இம்மூன்றையும் அரசின் இணைய சேவை வழியாகவோ இ-சேவை மையத்திலோ பெறலாம். மூன்றிலும் பரப்பு ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால் உடனே கவனிக்க வேண்டும்.

ஏரி உள்வாய் நிலம்

கலிங்கு வழியாக நீர் வெளியேறத் தொடங்கும் மட்டமே ஏரியின் முழு நீர்மட்டம். அந்த மட்டத்தில் நீர் பரவும் பகுதி பெரும்பாலும் ஏரிப் புறம்போக்காக இருக்கும். சில ஏரிகளின் உள்வாயில் பட்டா நிலங்களும் உண்டு. அவற்றின் உரிமையாளர் நீர் வடிந்த பின் பயிரிட்டுக் கொள்ளலாம். ஆனால் மண் கொட்டி மேடாக்கி நீர்வரத்தைத் தடுப்பதோ, தண்ணீரை வடிக்கக் கரையை வெட்டுவதோ கூடாது.

2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டப்படி ஏரிகள் அளந்து எல்லை குறிக்கப்படுகின்றன. அளவையின்போது பக்கத்து நிலக்காரர் நேரில் இருப்பது நல்லது. நோட்டீசு வந்தால், அதில் குறித்த தேதிக்குள் ஆவண நகல்களுடன் எழுத்து மூலம் பதில் தந்து, ஒப்புகைச் சீட்டு பெற வேண்டும்.

பிழை நேரும் விதம்

1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யு.டி.ஆர். பணியில், நிலப்பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டன. அப்போது சில பிழைகளும் நேர்ந்தன. உதாரணமாக, பழைய ஆவணத்தில் 1 ஏக்கர் 20 சென்ட் இருந்த நிலம், ஹெக்டேர் கணக்கில் சுமார் 0.48.5 என வர வேண்டும். பட்டாவில் 0.36.5 மட்டுமே இருந்து, மீதி 0.12.0 வாய்க்கால் புறம்போக்கு என்று பதிவாகியிருந்தால், ஏறத்தாழ 30 சென்ட் விடுபட்டது என்று பொருள். இது பதிவேட்டுப் பிழையா, உண்மையிலேயே வாய்க்காலா என்பதைப் பழைய பதிவேடுதான் சொல்லும்.

திருத்தம் கோரும் வழி

1. யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேடு, பழைய புலப்படம், பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்குமான ஒப்பீட்டுப் பட்டியல் ஆகியவற்றின் நகல் பெற வேண்டும்.

2. கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, தீர்வை ரசீது, அடங்கல் நகல் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும்.

3. நில அளவைக்கு மனு செய்து, கட்டணம் செலுத்தி, சர்வேயரைக் கொண்டு அத்துக் காட்டச் செய்ய வேண்டும். தாமாகக் கல்லை நடக்கூடாது.

4. வட்டாட்சியர் அலுவலகத்தில் பிழை திருத்த மனு கொடுக்க வேண்டும். பட்டா குறித்த முடிவில் குறை இருந்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடும், பின்னர் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு மனுவும் செய்யலாம். உரிமை பற்றிய தகராறு உரிமையியல் நீதிமன்றத்தில்தான் தீரும்.

ஜமாபந்தியிலும், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனுவை நினைவூட்டலாம்.

மாற்ற முடியாதவை

உண்மையான நீர்நிலைப் புறம்போக்கை, நீண்டகால அனுபவத்தைக் காட்டிப் பட்டாவாக மாற்றித் தருவதாக இடைத்தரகர் யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். குளம், குட்டைகளை வீட்டுமனைக்கு ஒதுக்கக் கூடாது என்று 2001ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. திருவண்ணாமலை மலையில் பெய்யும் மழை ஓடைகள் வழியாகச் சுற்றுப்புற ஏரிகளை அடைகிறது. நகரை ஒட்டிய இத்தகைய இடங்களில் மனை வாங்குவோர் முன்பணம் தருமுன் அ-பதிவேட்டைப் பார்த்துவிட வேண்டும்.

அமெரிக்காவில் வெள்ள அபாயப் பகுதி என வரைபடத்தில் குறிக்கப்பட்ட நிலம், வெள்ள மட்டத்தைவிட உயரமானது என்று அளந்து காட்டினால் அப்பகுதியிலிருந்து நீக்கப்படுகிறது. இந்தியாவிலும் வெள்ளச் சமவெளியை மண்டலங்களாகப் பிரிப்பதற்கான மாதிரி மசோதாவை மத்திய அரசு 1975ஆம் ஆண்டில் மாநிலங்களுக்கு அனுப்பியது. எங்கும் வாய்ப்பேச்சு செல்லாது. அளவும் ஆவணமுமே சான்று.

படம் திருந்தினாலும் தண்ணீரின் வழி மாறாது. பட்டா உறுதியான பின்பும், பள்ளமான இடத்தில் வீடு, மாட்டுக் கொட்டகை, மோட்டார் அறை அமைப்பதைத் தவிர்க்க வேண்டும். பதிவேடு சரியாக இருந்தால் வெள்ள நிவாரணக் கணக்கெடுப்பிலும் கூட்டுறவுக் கடனிலும் அலைச்சல் குறையும். எனவே அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே மூன்று ஆவணங்களையும் எடுத்து ஒப்பிட்டு வைத்துக்கொள்வது நலம்.