கோட்டின் நீளமும் பொருளின் விலையும்

ரிங்லெட்டிலிருந்து லெம்பா பெர்த்தாம் செல்லும் சாலையில் பழைய லேண்ட் ரோவர் வண்டிகளைக் காணாத நாளே இல்லை எனலாம். முட்டைக்கோசும் தக்காளியும் மலர்க்கட்டுகளும் ஏற்றிக்கொண்டு அவை மலைப்பாதையில் ஏறி இறங்குகின்றன. இங்கிலாந்தில் உருவான இவ்வகை வண்டி 1948ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்தது. போருக்குப் பிந்திய அக்காலத்தில் அங்கு எஃகு கிடைப்பது அரிதாக இருந்தது. ஆகவே, வண்டியின் உடற்பகுதியை அலுமினியக் கலவைத் தகடுகளால் அமைத்தனர். எளிதில் வளைத்துப் பொருத்துவதற்காகத் தகடுகளைப் பெரும்பாலும் தட்டையாகவே வைத்தனர். அந்தத் தட்டையான உருவம்தான் இவ்வண்டியைக் காகித மாதிரியுருவுக்கு மிகவும் ஏற்றதாக்குகிறது.

காகித மாதிரியுரு புதிய கலையன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மரமும் உலோகமும் தட்டுப்பட்ட பிரிட்டனில் காகிதத்தால் கப்பலும் இரயிலும் செய்து மகிழ்ந்தனர். போலந்து நாட்டில் ‘மாவி மொடெலாஷ்’ என்னும் இதழ் 1957 முதல் இத்தகைய மாதிரியுருக்களை வெளியிட்டு வந்துள்ளது. கப்பலின் உட்சட்டங்களைத் தடித்த அட்டையில் கத்தரிப்பது கைவலிக்கும் வேலை. அதனால், லேசரால் வெட்டிய சட்டங்களைத் தனித் தொகுப்பாக விற்கும் வழக்கமும் அந்நாட்டில் வளர்ந்தது.

அட்டையை வெட்டப் பொதுவாகப் பயன்படுவது கரியமிலவாயு லேசர். இதனை 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தவர், இந்தியாவில் பிறந்த குமார் பட்டேல். இதன் கதிர் கண்ணுக்குத் தெரியாது. காகிதம் அக்கதிரை நன்றாக உள்வாங்கிக்கொள்வதால், கதிர் பட்ட இடம் நொடிப்பொழுதில் எரிந்து ஆவியாகிவிடுகிறது. கத்தி காகிதத்தைப் பிளக்கிறது. லேசரோ ஒரு மெல்லிய கோட்டளவு காகிதத்தை இல்லாமலே செய்துவிடுகிறது. அக்கோட்டின் அகலம் 0.15 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள அட்டையைச் செருகுவதற்கான பிளவைக் கணினியில் 1 மில்லிமீட்டராகவே வரைந்தால், வெட்டிய பின் அது 1.15 மில்லிமீட்டராகிவிடும். சட்டம் தளர்ந்து ஆடும். எனவே, 0.85 என வரைய வேண்டும்.

நம் மலைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பனிமூட்டம் சூழும் நாளில் காகிதம் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். அதுவும் இழை ஓடும் திசையைவிட அதற்குக் குறுக்குத் திசையில் கூடுதலாக விரியும். காலையில் சரியாகப் பொருந்திய பிளவு மழை பெய்த மாலையில் இறுகிப்போகலாம். அட்டைகளை மூடிய பெட்டியில் உலர்வாக வைத்திருப்பதும், எல்லா உறுப்புகளையும் இழையின் திசை பார்த்து அடுக்குவதும் இங்குக் கட்டாயம். பாதுகாப்பையும் மறக்கக்கூடாது. வெட்டும்போது அட்டை தீப்பற்றக்கூடும் என்பதால் இயந்திரத்தின் அருகில் எப்போதும் ஒருவர் இருக்க வேண்டும். பிவிசி பூசிய தாளை அதில் வைக்கவே கூடாது. நச்சு வாயு வெளியாகும்.

இனி, விலைக்கு வருவோம். இவ்வட்டாரத்து மாணவர்கள் நால்வர் லேண்ட் ரோவர் மாதிரியுருத் தொகுப்பு செய்து தானா ராத்தா கடையொன்றில் விற்க எண்ணுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தொகுப்புக்கு அட்டை 1.50 ரிங்கிட், வழிகாட்டித் தாள் 1.50 ரிங்கிட், உறை 1 ரிங்கிட். ஆகமொத்தம் 4 ரிங்கிட். “15 ரிங்கிட்டுக்கு விற்றால் 11 ரிங்கிட் இலாபம்” என்று அவர்கள் மகிழ்கிறார்கள்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தைக் கூடையோடு நிறுத்துக் கணக்கிடுவார்கள். லேசர் வேலையில் நிறைக்கு மதிப்பில்லை; வெட்டும் கோட்டின் நீளமே கணக்கு. இத்தொகுப்பில் வெட்டும் கோடுகளின் மொத்த நீளம் 12 மீட்டர் எனக் கொள்வோம். கதிர் நொடிக்கு 20 மில்லிமீட்டர் நகர்ந்தால், வெட்டுவதற்கு மட்டும் 10 நிமிடம். ஒரு கோட்டிலிருந்து மறுகோட்டிற்குத் தாவ 2 நிமிடம். இயந்திர வாடகை நிமிடத்திற்கு 1 ரிங்கிட் என்றால் 12 ரிங்கிட் ஆகிறது.

அடுத்து, கைவேலை. நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025இல் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என வகுத்தால் மணிக்கு 8.17 ரிங்கிட். உறுப்புகளைச் சரிபார்த்து உறையிலிட 15 நிமிடம் பிடித்தால் ஏறத்தாழ 2 ரிங்கிட். மாணவர்கள்தானே, கூலி எதற்கு என்று சிலர் கேட்பர். கூலியைக் கணக்கில் சேர்க்காத தொழில், நண்பர்களின் உற்சாகம் குறைந்த அன்றே நின்றுவிடும்.

இப்போது செலவு 18 ரிங்கிட். பத்தில் ஒன்று கருகியோ கோணலாகியோ வீணானால், மீதி ஒன்பதும் அந்தச் செலவைச் சுமக்க வேண்டும். ஒன்றுக்கு 20 ரிங்கிட். வரைபடம் தயாரிக்க 30 மணி நேரம் உழைத்திருந்தால் அதன் மதிப்பு ஏறத்தாழ 245 ரிங்கிட். 50 தொகுப்புகளுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்குச் சுமார் 5 ரிங்கிட். ஆக, அடக்க விலை 25 ரிங்கிட். கடைக்காரர் விற்பனை விலையில் 30 விழுக்காடு எடுத்துக்கொண்டால், 15 ரிங்கிட் விலையில் மாணவர் கைக்கு வருவது 10.50 மட்டுமே. ஒவ்வொன்றிலும் 14.50 நட்டம், 50 தொகுப்புகளில் 725 ரிங்கிட்!

மலிவான அட்டையை வாங்கலாமே என்று தோன்றும். அதனால் மிஞ்சுவது சில காசுகள்தாம். குறைக்க வேண்டியது கோட்டை. வண்டியின் அடித்தட்டு 15 சென்டிமீட்டர் நீளமும் 7 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது என்றால், அதன் சுற்றளவு 44 சென்டிமீட்டர். முகப்பு வலையோ தீப்பெட்டியில் பாதிகூட இராது. ஆனால், பக்கத்திற்கு 1.5 மில்லிமீட்டர் உள்ள 200 சதுரத் துளைகளை அதில் வெட்டினால் 1.2 மீட்டர் கோடு வேண்டும். அவ்வலையை வெட்டாமல் அச்சிடலாம். பின்தொட்டியின் கோடுகளை அச்சிட்டால் மேலும் 1 மீட்டர் மிச்சம். அடுத்தடுத்த உறுப்புகள் ஒரே ஓரத்தைப் பகிரும்படி அடுக்கினால் 1.8 மீட்டர் குறையும். 12 மீட்டர் 8 மீட்டராகிறது. இயந்திரச் செலவும் 8 ரிங்கிட்டாகிறது. அடக்க விலை ஏறத்தாழ 20.55. விற்பனை விலை 35 ரிங்கிட் என்றால், கடைக்காரர் பங்கு போக 24.50 கைக்கு வரும். சுமார் 4 ரிங்கிட் இலாபம். வண்டியின் பெயரையும் சின்னத்தையும் உறையில் அச்சிட வேண்டுமானால், அந்நிறுவனத்தின் அனுமதியை முன்னதாகவே பெற வேண்டும்.

எல்லாவற்றையும் அச்சாக்கிவிட்டால் விலை இன்னும் குறையும். ஆனால், அது வெறும் பெட்டிபோல் ஆகிவிடும். 35 ரிங்கிட் கொடுப்பவர் முதலில் கையில் எடுத்துப் பார்ப்பது சக்கரங்களையும் திசைமாற்றி வளையத்தையும்தான். அவற்றுக்கு மட்டும் கோடு எவ்வளவு நீண்டாலும் வெட்டித்தான் ஆக வேண்டும்.